புது பெல்ட் போட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

ஓடிக்கொண்டிருந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம், பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று இன்னும் இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறீர்கள், கடைசியில் வண்டி அணைந்து, அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பானட்டைத் திறந்தால் டிரைவ் பெல்ட் நார்நாராகக் கிடந்தது. புது பெல்ட் போட்டாயிற்று, ஜம்பர் கேபிள் போட்டும் பார்த்தாயிற்று, 'செல்ஃப் எடுக்கிற மாதிரி இருக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை, அடுத்து ஆல்டர்னேட்டரை மாற்றுவதா செல்ஃப் மோட்டாரை மாற்றுவதா' என்று கேட்கிறீர்கள். எதை மாற்றுவது என்று கேட்டாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது பெல்ட் அறுந்தபோது கூடவே வேறு என்ன கெட்டது என்பதுதான். அது தெரியும்வரை ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடிக்கும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம். உங்கள் கேஸில் ஒரு சாத்தியம் இருக்கிறது, அது உண்மையாக இருந்தால் ஒவ்வொரு முறை செல்ஃப் அடிப்பதும் எஞ்சினை இன்னும் கெடுக்கும்.

முதலில் அடிப்படை. டிரைவ் பெல்ட், பழைய பழக்கத்தில் பலரும் ஃபேன் பெல்ட் என்று சொல்வது, எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குத் தேவையே இல்லாத பொருள். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் பம்ப், சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப், இவற்றை ஓட்டுவதுதான் அதன் வேலை. பேட்டரியும் எஞ்சினும் நன்றாக இருக்கும் வண்டியில் அந்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் எப்போதும் போல ஸ்டார்ட் ஆகும். ஒரு இரைச்சல் எந்தப் பேரிங்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்டறையில் அடிக்கடி அப்படித்தான் அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். அதனால் பெல்ட் அறுந்ததால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னால் அது பாதி விடைதான், நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. ஆல்டர்னேட்டர் நின்று பேட்டரி வற்றியிருக்கலாம். அறுந்த பெல்ட் சாட்டை மாதிரி அடித்து எதையாவது வெட்டியிருக்கலாம், அல்லது எதற்குள்ளாவது புகுந்திருக்கலாம். பெல்ட்டை அறுத்ததே இறுகிப்போன ஒரு புல்லியாக இருந்து, அது இன்னும் அப்படியே இருக்கலாம். இல்லையென்றால் வாட்டர் பம்ப் நின்று எஞ்சின் கொதித்திருக்கலாம். இத்தனை வருடத்தில் நான் பார்த்த கேஸ்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கில் ஒன்றில்தான் போய் நின்றிருக்கின்றன, சிலது ஒரே நேரத்தில் இரண்டில்.

அடுத்து, வண்டி எப்படி அணைந்தது என்று நன்றாக யோசித்துப் பாருங்கள். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் பாதி விடை அதில்தான் இருக்கிறது. பேட்டரி வற்றி அணையும் வண்டி சொல்லாமல் அணையாது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், ஒன்றன்பின் ஒன்றாக ஏபிஎஸ், ஏர்பேக் எச்சரிக்கைகள் வரும், வைப்பர் இழுத்து இழுத்துப் போகும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விக்கும், அப்புறம்தான் நிற்கும். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றதா? அப்படியானால் பேட்டரியைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு சென்சார் ஒயரையும், பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் டைமிங் பெல்ட்டையும் சந்தேகியுங்கள். சூட்டு முள் மேலே ஏறி, பவர் குறைந்து, டொக் டொக் என்று தட்டும் சத்தத்தோடு நின்றதென்றால் அது கொதித்த எஞ்சின். ஒரு விஷயம் பலரை ஏமாற்றிவிடும்: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வெளியே போய்விட்டால் சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றிலும் ஆவியிலும் நிற்கும், அப்போது முள் நடுவிலேயே நின்று பொய் சொல்லும். 'முள் ஏறவே இல்லை' என்று ஒருவர் சத்தியம் செய்தாலும் ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் நம்புவேன். அதையும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும், சூட்டில் மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துவிடும்.

இனி சத்தம். 'செல்ஃப் எடுக்கிற மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மாதிரி'யில் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. டக்டக்டக்டக் என்று வேகமாகத் தட்டி எஞ்சின் சுற்றவே இல்லையென்றால் பேட்டரியில் வலுவில்லை, அல்லது டெர்மினலிலோ, பேட்டரி நெகடிவை எஞ்சினோடு சேர்க்கும் எர்த் ஒயரிலோ பிடிப்பில்லை. ஒரே ஒரு 'டொக்' கேட்டு அதோடு உள்விளக்கும் மங்கிப்போனால் செல்ஃப் மோட்டார் முயற்சி செய்கிறது, எஞ்சின் அசையவில்லை என்று பொருள், அங்கே உடனே கையை எடுத்துவிட வேண்டும். வழக்கமான தாளத்தில், உர்-உர்-உர் என்று ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனும், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படுவதும், தெரிகிற மாதிரி சுற்றியும் பற்றவில்லையென்றால் எஞ்சின் உள்ளே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், கரன்ட்டோ பெட்ரோலோ சிக்னலோ வரவில்லை. இந்தத் தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, தையல் மெஷின் மாதிரி 'விர்ர்ர்' என்று லேசாகச் சுற்றினால் கம்ப்ரெஷன் இல்லை, அதாவது டைமிங் பெல்ட் போயிருக்கிறது. காது பழகியவர்கள் இந்தக் கடைசிச் சத்தத்தை ஒரே நொடியில் சொல்லிவிடுவார்கள். பழகாதவர்கள் 'செல்ஃப் நன்றாகத்தான் எடுக்கிறது, முன்பைவிட வேகமாகவே எடுக்கிறது' என்று சந்தோஷமாகச் சொல்வார்கள், கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பேட்டரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எளிது, பெரும்பாலும் அதுதான் காரணமும். எஞ்சின் ஓட பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாமே கரன்ட் கேட்கும். ஹாலஜன் ஹெட்லைட் ஒன்று 55 வாட், இரண்டு எரிந்தாலே சுமார் 9 ஆம்பியர். ஏசி ப்ளோயர் ஓடினால் அதற்கு மேல். ஆல்டர்னேட்டர் நின்ற பிறகு இத்தனையையும் பேட்டரி தனியாகச் சுமக்கிறது. 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாக இருந்தால் பகலில் ஒரு மணி நேரம்கூட இழுக்கலாம், மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் இருபது நிமிடத்திலேயே படுத்துவிடலாம். உங்கள் இருபது நிமிடத்தில் பழைய பேட்டரி படுத்திருக்கலாம், புதியது தாங்கியிருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நின்றிருக்கும்போது காட்டும் வோல்ட்டை முழுதாக நம்பக் கூடாது, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான பலம். 9.6-க்குக் கீழே போனால், செல்ஃப் சுற்றினாலும் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. 'சுற்றுகிறது, பற்றவில்லை' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜம்பர் கேபிள் போட்டும் ஆகவில்லை என்பதை வைத்து பேட்டரி காரணமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மெல்லிய கேபிளில் செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய ஆம்பியர் வராது. முழுக்க வற்றிய பேட்டரி, உதவிக்கு வந்த பேட்டரியின் கரன்ட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். உதவி வண்டியை ஓட விட்டு, கேபிள் போட்டபடி பத்து நிமிடமாவது காத்திருந்துதான் சாவியைத் திருப்ப வேண்டும். நெகடிவ் கேபிளை வற்றிய பேட்டரியின் டெர்மினலில் மாட்டாமல் எஞ்சினின் வெறும் இரும்பில், பெயின்ட் இல்லாத இடத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுவது நல்லது. பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறி பட்டுப் பற்றும் ஆபத்து குறையும், எர்த் ஒயர் மோசமாக இருந்தாலும் அதைத் தாண்டிக் கரன்ட் போகும். எர்த்தைச் சந்தேகித்தால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை ஒரு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். ஆனால் இந்த டெஸ்டையும் அடுத்து நான் சொல்லப் போகும் கைச்சோதனையை முடித்த பிறகு செய்யுங்கள்.

அந்தக் கைச்சோதனைதான் இந்தப் பதிலிலேயே முக்கியம். பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிடுங்கள், கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள், புதிதாக மாட்டிய டிரைவ் பெல்ட்டையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பெல்ட் ஓடும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் உருளையும், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் உருளையும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், மணல் அரைபடுகிற உணர்வு விரலில் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. வாட்டர் பம்ப் இந்தப் பக்கம் இருந்தால் புல்லியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது. ஏசி கம்ப்ரஸரின் புல்லி, கிளட்ச் உள்ள வகையில், தானாகத் தளர்வாகச் சுற்றும். ஆல்டர்னேட்டரில் ஒரு விஷயம் கவனியுங்கள்: பல வண்டிகளில் ஒருவழிப் புல்லி இருக்கும், ஒரு திசையில் சுற்றினால் உள்ளே இருக்கும் ரோட்டரும் கூடவே சுற்றும், எதிர்த்திசையில் புல்லி மட்டும் தனியாக நழுவும். அதைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று அசையாமல் இறுகிக் கிடந்தால் பழைய பெல்ட்டைக் கொன்றது அதுதான். புது பெல்ட் போட்ட பிறகு செல்ஃப் திணறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் எஞ்சினோடு சேர்த்து அந்த இறுகிய புல்லியையும் செல்ஃப் இழுக்க வேண்டியிருக்கிறது.

புல்லிகள் முடிந்ததும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போட்டு எஞ்சினையே கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும்தான் சுற்ற வேண்டும். புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் பெரும்பாலானவை கடிகார முள் போகிற திசை, சில பழைய ஹோண்டா எஞ்சின்கள் அதற்கு நேர் எதிர்த்திசை. மெதுவாக, இரண்டு முழுச் சுற்று. போகப்போக இறுகி, கொஞ்சம் பிடித்து வைத்திருந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்து விட்டுக்கொடுத்தால் அது கம்ப்ரெஷன், நல்ல அறிகுறி. அப்படி விட்டுக்கொடுக்காமல் இரும்பு இரும்பில் இடித்த மாதிரி 'டக்' என்று ஒரே இடத்தில் நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீளமான பைப்பை மாட்டி அழுத்த வேண்டாம். பிஸ்டன் வால்வில் இடித்து நிற்கிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் இரண்டு சுற்றும் வழவழவென்று போய்விட்டால் அதுவும் நல்லதில்லை, கம்ப்ரெஷனே இல்லை.

டைமிங் பெல்ட் எங்கே இதில் வந்தது என்று நீங்கள் கேட்கலாம், அறுந்தது டிரைவ் பெல்ட்தானே. இரண்டும் வேறு வேறு பெல்ட்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் ஓடுகிறது, கவரின் கீழ் முனை கிராங்க் புல்லிக்குப் பின்னால் முடிகிறது, அங்கே எப்போதும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். டிரைவ் பெல்ட் பெரும்பாலும் ஒரே வெட்டாக அறுவதில்லை. அதன் உட்பக்கம் நீளவாக்கில் ஓடும் மேடுகளான வரிகளில் ஓரத்து வரி ஒன்று பிரியும், அது நார் மாதிரி நீண்டு, சுற்றுகிற புல்லியின் பின்பக்கம் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும், கவர் இடைவெளிக்குள் நுழைந்து டைமிங் பெல்ட்டுக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் நடுவே போய் மாட்டும். அப்போது டைமிங் பெல்ட் பல் தாவும், அல்லது அதுவும் அறும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு உள்ள எஞ்சின்களில், டைமிங் தவறினால் வால்வு வளைந்துவிடும். இடைவெளி விட்டுச் செய்த எஞ்சின்களில் எதுவும் ஆகாது, புது பெல்ட் போட்டு டைமிங் வைத்தால் ஓடும். உங்களுடையது எந்த வகை என்று மாடலும் எஞ்சினும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். தெரியாத வரைக்கும் முதல் வகை என்று நினைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு, செல்ஃப் அடிக்க வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணமும் இதுதான். செயின் உள்ள எஞ்சின்களில் இந்தக் கவலை மிகக் குறைவு, செயின் உலோகக் கவருக்குள் எண்ணெயில் ஓடுகிறது. முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது, பி.எம்.டபிள்யூவின் சில ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பெல்ட் நார் கிராங்க்கின் முன் சீலைத் தாண்டி உள்ளே போவது தெரிந்த பிரச்சினை.

பழைய பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் அதை எடுத்துத் தரையில் விரித்து எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் முதுகில் 6பிகே1750 என்பது போல ஒரு எண் இருக்கும், 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். ஆறு வரி இருக்க வேண்டிய பெல்ட்டில் சில இடங்களில் நான்கு வரிதான் இருக்கிறது, மீதி இரண்டு எங்கும் இல்லை என்றால் அவை எங்கோ போயிருக்கின்றன. கிராங்க் புல்லிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் படிந்த கறுப்பு நூல் சுற்றியிருந்தால் கவரைக் கழற்றாமல் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. கவரின் மேல் பாதி பல வண்டிகளில் நான்கைந்து போல்ட்டில் கழன்றுவிடும். உள்ளே டைமிங் பெல்ட் இருக்கிறதா, தளர்ந்து தொங்குகிறதா, கையால் எஞ்சினைச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது, அல்லது அதன் பற்கள் உதிர்ந்துவிட்டன. சுற்றுகிறது என்றால் பெல்ட் இருக்கிறது, அவ்வளவுதான், பல் தாவியிருக்கிறதா என்பதை டைமிங் குறிகளை ஒன்றுக்கொன்று சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒரு பல் தாவினால் சில எஞ்சின்கள் முரண்டு பிடித்துக்கொண்டாவது ஓடும், இரண்டு மூன்று தாவினால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. வால்வு வளைந்திருக்கிறதா என்பதைக் கம்ப்ரெஷன் கேஜ் சொல்லும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 10 முதல் 14 பார் வரை காட்டும், சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்றிரண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்து, எஞ்சின் நல்ல தாளத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால் ஒயர்களைப் பாருங்கள். என்னிடம் இழுத்து வரப்பட்ட ஒரு வண்டி நினைவுக்கு வருகிறது. பெல்ட் அறுந்திருந்தது, வேறொரு இடத்தில் புது பெல்ட், புது பேட்டரி, அப்புறம் பெட்ரோல் பம்ப்பும் மாற்றியிருந்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னேன், எஞ்சின் சுற்றுகிறது, திரையில் ஆர்பிஎம் பூஜ்யம். வண்டியைத் தூக்கி கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தடவினேன். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒயர் ஒன்று, அதன் உறை சீவின மாதிரி உரிந்து உள்ளே செம்பு தெரிந்தது, இரண்டு இழை முழுக்க அறுந்திருந்தது. கிராங்க் சென்சாரின் ஒயர். அறுந்த பெல்ட் அடித்த அடியில் போயிருக்கிறது. அந்தச் சென்சார் எஞ்சின் சுற்றுகிறது என்று சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது. ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்து உறை போட்டதும் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது. அந்த வண்டிக்காரர் பேட்டரிக்கும் பம்ப்புக்கும் கொட்டிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்கவில்லை. உங்களிடம் ஸ்கேனர் இல்லையென்றால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் சந்தேகப்படலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது, சில வண்டிகள் செல்ஃப் நேரத்தில் முள்ளை அசைக்கவே அசைக்காது. எல்லா எஞ்சினிலும் இந்தச் சென்சார் புல்லிப் பக்கம் இருப்பதும் இல்லை, பலவற்றில் கியர்பாக்ஸ் பக்கம் ஃப்ளைவீல் மேல் இருக்கும், அங்கே பெல்ட் எட்டாது. எப்படியிருந்தாலும் பெல்ட் ஓடும் பாதையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஒயரையும், ஆல்டர்னேட்டர் பின்பக்கத்து ஒயர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஏசி கிளட்ச் ஒயர் எல்லாவற்றையும், கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலாலும் தடவிப் பாருங்கள்.

கொதித்த எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்கள் கேஸாக இருக்கக் கூடாது என்றுதான் விரும்புகிறேன். ஸ்டீயரிங் கல்லானது என்பதிலிருந்து பவர் ஸ்டீயரிங் பம்ப் பெல்ட்டில் ஓடுகிறது என்பது தெரிகிறது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால், இருபது நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் எரிந்து, எஞ்சின் ஆறும்போது கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி நின்றிருக்கலாம். தண்ணீரை அழுத்த முடியாது, செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் கூலன்ட் குறைந்திருந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி படிவு இருந்தாலோ, கையால் சுற்றும்போது பாதியில் இடித்து நின்றாலோ, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு மறுபடி கையால் சுற்றுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் விடை கிடைத்துவிட்டது. முகத்தை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சின்ன விஷயங்கள் இரண்டு மூன்று. பேட்டரி வற்றிய பிறகு, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாமல் போவது உண்டு, டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மினுமினுத்தால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு மாற்றுச் சாவியில் முயலுங்கள். ஜம்பர் கேபிளை ஒரு கணம் பாசிட்டிவும் நெகடிவும் மாற்றி மாட்டியிருந்தால் மெயின் ஃப்யூஸ் போயிருக்கலாம், அதைப் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் முனகுகிறதா என்று கேளுங்கள். பலமுறை செல்ஃப் அடித்து பிளக் நனைந்துபோயிருந்தால், கைச்சோதனையில் எல்லாம் தேறிய பிறகு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள், பெரும்பாலான இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டிகள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும்.

உங்கள் கேஸில் எனக்கு உறுதியாகத் தெரிவது இரண்டுதான்: பெல்ட் இல்லாததால் மட்டும் வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டரையோ செல்ஃப் மோட்டாரையோ இப்போது வாங்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தாலும், அது இறுகிப்போகாத வரை, நல்ல பேட்டரியில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். மற்றதெல்லாம் ஊகம். நான் பந்தயம் கட்டினால் வற்றிய பேட்டரி மேல்தான் கட்டுவேன், அதற்கு அடுத்து அறுந்த ஒயர். டைமிங் பெல்ட் வாய்ப்பில் மூன்றாவதாக வந்தாலும், தவறினால் ஆகும் சேதத்தில் அதுதான் முதல், அதனால்தான் முதலில் அதைத் தீர்க்கச் சொல்கிறேன். வரிசை இதுதான்: டார்ச், கையால் சுற்றுவது, பேட்டரியை வெளியே எடுத்துச் சார்ஜரில் ஒரு இரவு முழுக்கப் போடுவது, பிறகு டிரைவ் பெல்ட் இல்லாமலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. ஸ்டார்ட் ஆனால் அரை நிமிடத்தில் அணைத்துவிடுங்கள், வாட்டர் பம்ப் ஓடாது.

அதன் பிறகு பெல்ட்டை மாட்டும்போது பானட்டுக்கு அடியில் உள்ள பாதைப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். வரியுள்ள பக்கம் வரியுள்ள புல்லியில், முதுகுப் பக்கம் வழவழப்பான புல்லியில். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் அடுத்த நூறு கிலோமீட்டரில் மறுபடியும் நார்தான். கிராங்க் புல்லியின் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கும் வகையா என்று பாருங்கள், அந்த ரப்பர் வெடித்து வெளி வளையம் கோணலாக ஓடினால் எத்தனை பெல்ட் போட்டாலும் தூக்கி எறியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நலம். முழுக்க வற்றிய பேட்டரியை அப்படியே மாட்டி ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட வேண்டாம், முழு லோடில் நெடுநேரம் சூடாக ஓடி அதுவும் போய்விடும். பழைய பெல்ட்டில் வெடிப்பே இல்லையே, எப்படி அறுந்தது என்று யோசிப்பீர்கள். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் முன்பு மாதிரி வெடிப்பு விட்டு எச்சரிக்காது, டயர் மாதிரி மெல்லத் தேய்ந்துகொண்டே போகும், வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா, அணைந்த விதம், கையால் சுற்றியபோது எப்படி இருந்தது, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் எவ்வளவு இறங்கியது, இவற்றை எழுதுங்கள். முடிந்தால் விரித்து வைத்த பழைய பெல்ட்டை ஒரு படமும் எடுத்துப் போடுங்கள், எத்தனை வரி குறைகிறது என்று பார்க்க வேண்டும்.